கிணற்றடியில் தொடங்க வேண்டிய பயிற்சி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் மட்டும் நீர் கண்டு ஓடுகிற வழுக்கையாற்றை விட்டால், குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் பெரும்பாலும் கிணறுதான். ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டும் மழை செம்பாட்டு மண்ணுக்குள்ளால் இறங்கி, அடியிலுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. அடுத்த மாரி வரும்வரை அதைத்தான் இறைக்கிறோம். வெங்காயத் தறைக்குப் போட்ட பசளையின் மிச்சம், மிளகாய்க்கு விசிறிய மருந்தின் எச்சம், வீட்டு மலக்குழியின் கசிவு எல்லாம் போய்ச் சேருவதும் அதே கல்லுக்குள்தான்.

ஆனால் அந்தத் தறையைப் பார்க்கிறவர் ஒருவர், பக்கத்திலிருக்கும் கிணற்றைப் பார்க்கிறவர் இன்னொருவர். பயிருக்கு விவசாயப் போதனாசிரியர். பசளைக்கும் காணிப் பதிவுக்கும் கமநல சேவை நிலைய உத்தியோகத்தர். சூழல் முறைப்பாட்டுக்குப் பிரதேச செயலகத்தில் இருக்கும் சுற்றாடல் உத்தியோகத்தர். மலக்குழிக்கும் குடிநீருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் திணைக்களம் தனித்தனியே பயிற்சி கொடுக்கிறது. ஆறும் குளமும் நீர் கொடுக்கிற மாவட்டங்களில் இந்தப் பிரிவினையால் வரும் நட்டம் குறைவாக இருக்கலாம். பயிரும் குடிநீரும் ஒரே கல்லில் நிற்கும் இடத்தில் அது நேரடியாகப் பிழையான ஆலோசனையாக முடிகிறது. அதனால் இந்தத் துறைகளில் வேலை செய்வோரின் தொழில் விருத்தி பற்றிப் பேசும்போது, எத்தனை பயிற்சிகள் நடந்தன என்று கேட்பதற்கு முன், யார் யாரோடு சேர்ந்து எந்த இடத்தில் நின்று படித்தார்கள் என்று கேட்பது பயனுள்ளது.

பிரிவினை வந்த வழி

தேசிய சுற்றாடல் சட்டம் 1980 இன் 47 ஆம் இலக்கச் சட்டம். அதன்கீழ் 1981 இல் மத்திய சுற்றாடல் அதிகாரசபை உருவானது. பீடைநாசினிகளைக் கட்டுப்படுத்தும் சட்டமும் அதே 1980 இல்தான் வந்தது, ஆனால் அது விவசாயத் திணைக்களத்தின் பக்கம் போனது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் வந்தபோது, விவசாய விரிவாக்கத்தின் பெரும்பகுதி மாகாணங்களுக்குக் கைமாறியது. ஆராய்ச்சி மத்திய அரசிடமே நின்றது. புதிய இனத்தையோ பசளைச் சிபார்சையோ கண்டுபிடிப்பவர் ஒரு நிர்வாகத்திலும், அதைக் கமக்காரரிடம் கொண்டுபோக வேண்டியவர் இன்னொரு நிர்வாகத்திலும் இருக்கும் நிலை அப்போது ஏற்பட்டது. 1989 இல் கிராம மட்டத்தில் வேலை செய்த விவசாய விரிவாக்க ஊழியர்கள் கிராம சேவகர்களாக மாற்றப்பட்டார்கள். ஒரு போதனாசிரியருக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கும் இடையில் நின்ற படிநிலை அத்தோடு இல்லாமல் போனது. பின்னாளில் கமநல சேவை நிலையங்களுக்கு ஆராய்ச்சி உற்பத்தி உதவியாளர்கள் வந்தார்கள். ஆனால் அவர்களுடைய நேரத்தில் பெரும்பங்கைப் பதிவும் விநியோகமும் எடுத்துக்கொள்கின்றன.

வடக்கில் இதற்கு மேல் போர். தெற்கே விவசாயத் திணைக்களத்தின் நிலையங்கள் உள்ள கன்னொறுவையிலோ மகாஇலுப்பள்ளமையிலோ நடக்கும் பயிற்சிக்குப் போய்வருவது பல ஆண்டுகள் முடியாத காரியமாக இருந்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபின் கடல், வான் வழியல்லாமல் குடாநாட்டை விட்டு வெளியே கால் வைக்க முடியவில்லை. வலிகாமம் வடக்கின் நல்ல செம்பாட்டுத் தறைகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தன. அந்த மண்ணைத் தெரிந்த ஒரு தலைமுறை உத்தியோகத்தர்கள் அதை மறுபடி மிதிக்காமலே ஓய்வு பெற்றார்கள். மீள வழங்கப்பட்ட காணிகளில் இன்று ஆலோசனை சொல்லும் இளையவர்களுக்கு, கைபிடித்துக் காட்டக்கூடிய மூத்தவர் பக்கத்தில் இல்லை. பயிற்சித் திட்டம் எழுதுகிறவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

பழையதாகிப் போகும் அறிவு

விவசாயத்தில் பட்டம் பெற்றவருக்கு ஏன் மறுபடி மறுபடி பயிற்சி என்று கேட்போர் உண்டு. மருந்துகளை மட்டும் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். பரகுவாட், டைமெதோயேட், பென்தியன் ஆகியன 2008 இலிருந்து படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. களைநாசினியான கிளைபோசேட் 2015 இல் நாடு முழுவதும் தடையாகிப் பின்னர் படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. தொண்ணூறுகளில் படித்த குறிப்பை வைத்துக்கொண்டு இன்று சிபார்சு எழுதினால், சட்டப்படி விற்கக்கூடாத ஒன்றின் பெயரை எழுத நேரும். 2018 இன் இறுதியில் சோளத்தில் படைப்புழு இலங்கைக்குள் வந்தபோது, அதை மற்றப் புழுக்களிலிருந்து பிரித்தறியத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. தலையில் தலைகீழான ‘வை’ எழுத்துப் போன்ற வெளிர்கோடு, கடைசிக்கு முந்திய உடற் துண்டத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இந்த இரண்டையும் கைவில்லையால் ஒருதரம் நேரில் பார்த்தவர் பிறகு பிழைவிட மாட்டார். திரையில் படமாக மட்டும் பார்த்தவர் வயலில் தடுமாறுவார்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அந்த ஆறு மாதமும் கள உத்தியோகத்தர்கள் கமக்காரரின் கோபத்தை நேரே வாங்கினார்கள். அவர்கள் கையில் இருந்திருக்க வேண்டியது ஒரு சின்னக் கணக்கு. நல்ல கூட்டெருவில் நைதரசன் 1 முதல் 1.5 வீதம் வரைதான் இருக்கும். ஹெக்டேயருக்கு 100 கிலோ நைதரசன் வேண்டுமென்றால் 7 முதல் 10 தொன் கூட்டெரு தேவை. அதிலும் முதற் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான், மீதி மெதுவாகவே உக்கி வெளிவரும். இந்தக் கணக்கை ஏப்ரலிலேயே எழுதிக் காட்டத் தெரிந்திருந்தால், எந்தப் பயிருக்கு எவ்வளவு இழப்பு வரும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அதே கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சூழல் பக்கத்தில் இருப்பவர்கள் அறிய வேண்டும். கோழி எருவில் நைதரசன் கூடுதல். அளவு தெரியாமல் கொட்டினால் அதுவும் யூரியாவைப் போலவே கிணற்றுக்குள் இறங்கும். ‘சேதனம் என்றால் நீருக்குக் கேடில்லை’ என்ற நம்பிக்கை சுண்ணக்கல்லின் மேல் செல்லாது.

ஒரே நீரை இரண்டு பேர் வாசிக்கும் விதம்

யாழ்ப்பாணத்தில் கூட்டுப் பயிற்சிக்கு ஒரேயொரு தலைப்பைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பசளையிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் நீருக்குள் இறங்கும் நைத்திரேற்றைத்தான் எடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் மேல் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அதற்கு மேற்பட்ட நீர் ஆபத்து. குருதியின் ஒட்சிசன் காவும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். ‘கொதித்தாறிய நீர் குடியுங்கள்’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே அறிவுரை சொல்லிப் பழகிய நாவுக்கு இது புதிது.

முதற் பிசகு அறிக்கையை வாசிப்பதில் வருகிறது. சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றாகவே எண்ணைத் தருகின்றன. சில, நைத்திரேற்றுக்குள் இருக்கும் நைதரசனாகத் தருகின்றன. இரண்டாவதை 4.43 ஆல் பெருக்கினால்தான் முதலாவது வரும். அறிக்கையில் 12 என்றிருந்து அது நைதரசனைக் குறித்தால், உண்மையில் நைத்திரேற்று 53. வரம்பைத் தாண்டிவிட்டது. 12 ஐ 50 உடன் நேரே ஒப்பிட்டவர் ‘நல்ல தண்ணீர்’ என்று சொல்லி அனுப்பிவிடுவார். பயிற்சியில் இதைச் சொன்னால் மட்டும் போதாது. வெவ்வேறு அலகில் எழுதிய நான்கைந்து அறிக்கைகளைக் கலந்து கொடுத்து, ஒவ்வொருவரையும் எழுத்தில் முடிவு சொல்லச் செய்ய வேண்டும்.

அடுத்தது மாதிரி எடுத்தல். நைத்திரேற்றுக்கு என்றால் போத்தலை அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசி, நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, 48 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் சேர்க்க வேண்டும். கிருமிச் சோதனைக்கான போத்தல் முன்கூட்டியே கிருமி நீக்கியது, அதை அலசக்கூடாது, மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது, அன்றே கொடுத்துவிட வேண்டும். எண்ணெய்க்கு என்றால் கண்ணாடிப் போத்தல்தான், அதையும் அலசக்கூடாது. அலசும்போது எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவைக் கூட்டிவிடும். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகச் சூழலில் கிணற்று நீரில் கழிவெண்ணெய் கலந்த பிரச்சினை எழுந்து, வழக்கு 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. அப்படியான நேரத்தில் மக்கள் முதலில் ஓடிவருவது கிராமத்தில் இருக்கும் உத்தியோகத்தரிடம்தான். எந்த நீரை எந்தப் போத்தலில் எப்படி எடுப்பது என்று தெரியாமல் பழைய சோடாப் போத்தலில் பிடித்துக் கொடுத்த மாதிரிக்கு எந்த மன்றிலும் பெறுமதி இல்லை.

மாதிரி எடுக்கும் காலமும் ஒரு விடயம். கோடையில் மேல் மண்ணில் சேர்ந்த நைத்திரேற்றை முதற் பெருமழை கீழே கழுவி இறக்கும். ஓகஸ்டில் மட்டும் சோதித்த கிணறு ஒரு கதை சொல்லும், டிசெம்பரில் சோதித்தால் வேறு கதை. மழைக்கு முன் ஒன்று, மாரியின் நடுவில் ஒன்று, பெப்ரவரியில் ஒன்று, கடுங்கோடையில் ஒன்று என ஒரே கிணற்றில் நான்கு முறை எடுத்தால்தான் பேச முடியும்.

பிறகுதான் இந்த நைத்திரேற்று யாரால் வந்தது என்ற பழைய வாக்குவாதம் வரும். விவசாயத் தரப்பு மலக்குழியைக் காட்டும், சுகாதாரத் தரப்பு பசளையைக் காட்டும். இரண்டு தரப்பும் ஒரே நாளில் ஒரே ஊரில் மூன்று கிணறுகளுக்குப் போக வேண்டும். நெருக்கமான குடிமனைக்குள் ஒன்று, வீடுகளே இல்லாத தோட்டவெளிக்குள் ஒன்று, இரண்டுக்கும் இடையில் ஒன்று. நைத்திரேற்றோடு குளோரைட்டையும் மலக்கிருமியையும் சேர்த்துப் பார்த்தால், எந்தக் கிணற்றில் எந்தப் பக்கத்தின் பங்கு கூட என்பதற்கு ஓரளவு பிடி கிடைக்கும். பெரும்பாலும் இரண்டுமே இருக்கும். மணல் நிலத்துக்கு வகுத்த ‘கிணற்றுக்கும் குழிக்கும் இத்தனை அடி’ என்ற விதி, வெடித்த கல்லில் முழுக் காவல் தராது என்பதும் அங்கேயே விளங்கும். ஒரு வெடிப்பு வழியே நீர் ஒரே மழையில் நெடுந்தூரம் போகும்.

போதனாசிரியருக்கு இதில் நேரடி வேலை இருக்கிறது. 50 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள நீரில் லீற்றருக்கு 11.3 மில்லிகிராம் நைதரசன் உண்டு. யாழ்ப்பாணத்துக் காணி அளவான ‘பரப்பு’, தோட்டத்தில் ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஒரு போகத்தில் 400 மில்லிமீற்றர் இறைத்தால் அந்தப் பரப்புக்குப் போன நீர் ஒரு இலட்சம் லீற்றருக்கு மேல். அதனுள் இருந்த நைதரசன் 1.14 கிலோ, அதாவது யூரியாவில் 2.5 கிலோ. கமக்காரர் காசு கொடுக்காமலே கிணறு அந்தப் பசளையைத் தறைக்குக் கொண்டுவந்து விட்டது. முழுவதையும் பயிர் எடுக்காது, எனவே பாதியைக் கணக்கில் எடுத்து மேற்கட்டு யூரியாவைக் குறைக்கச் சொல்லலாம். ஒரு மாதிரியை நம்பிக் குறைக்கச் சொல்லக்கூடாது, இரண்டு போகத்து எண்கள் ஒத்துவந்தால் மட்டும். சூழலுக்காகப் பசளையைக் குறை என்று கேட்டால் தலையாட்டிவிட்டுப் போகிறவர், கிணற்றுக்குள் இருக்கும் யூரியாவின் விலையைச் சொன்னால் நின்று கேட்பார்.

பரப்பும் ஹெக்டேயரும்

இந்த இடத்தில் ஒரு பிசகைத் தனியே சொல்ல வேண்டும். விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் உள்ள பேராதனையிலிருந்து வரும் சிபார்சுகள் ஹெக்டேயரில் இருக்கும். யாழ்ப்பாணத்தில் யாரும் ஹெக்டேயரில் கமம் செய்வதில்லை. தோட்டக் காணியில் 16 பரப்பு ஒரு ஏக்கர். வயற் காணியில் 24 பரப்பு ஒரு ஏக்கர். ஆக, ஹெக்டேயர் அளவைத் தோட்டத்துக்கு 40 ஆலும் வயலுக்கு 60 ஆலும் பிரித்தால் ஒரு பரப்புக்கான அளவு ஏறக்குறையச் சரியாக வரும். 100 கிலோ யூரியா என்றால் தோட்டப் பரப்புக்கு 2.5 கிலோ, வயற் பரப்புக்கு 1.7 கிலோ அளவில். வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் இரண்டு பரப்பையும் ஒன்றென்று எண்ணினால் வயலுக்கு ஒன்றரை மடங்கு பசளை போகும். பயிற்சிக் கைநூலின் முதற் பக்கத்தில் இருக்க வேண்டிய இந்தச் செய்தி எந்தப் பக்கத்திலும் இல்லாமல் அச்சாகிறது.

இறைப்பிலும் இதே கணக்குத்தான். 200 லீற்றர் பரல் ஒன்றை நீர்பம்பியின் வாயில் வைத்து நிரம்பும் நேரத்தைப் பார்க்கலாம். 40 செக்கனில் நிரம்பினால் செக்கனுக்கு 5 லீற்றர். ஒரு பரப்புக்கு 25 மில்லிமீற்றர் இறைக்க 6300 லீற்றர் வேண்டும், 21 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு மணித்தியாலம் விட்டால் 71 மில்லிமீற்றர். வெங்காயத்தின் வேர் பெரும்பாலும் மேல் 30 சென்ரிமீற்றருக்குள் நிற்கிறது. அந்த ஆழத்து மண் பிடித்துவைக்கக்கூடியதைத் தாண்டிய நீரெல்லாம், போன கிழமை போட்ட யூரியாவையும் கரைத்துக்கொண்டு கீழே போகும். பரலும் கைக்கடிகாரமும் போதும். சுற்றாடல் உத்தியோகத்தரும் இந்த அளவீட்டைத் தானே ஒருமுறை செய்து பார்த்தால், ‘நிலத்தடி நீரைச் சிக்கனப்படுத்துவோம்’ என்று பதாகை கட்டுவதை விட்டு நிமிடக் கணக்கில் பேசத் தொடங்குவார்.

உப்பு

குடாநாட்டின் நன்னீர் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என நான்கு பெரிய வில்லைகளாகக் கடல் நீரின் மேல் மிதக்கிறது. கொள்கையளவில், கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். மேலே ஒரு மீற்றர் இறங்கினால் கீழேயிருந்து உப்பு 40 மீற்றர் ஏறி வர இடமுண்டு. நிலாவரைக் கேணியில் மேலே நல்ல நீரும் ஆழத்தில் உப்பு நீரும் இருப்பது இந்த அமைப்பைக் கண்ணால் காட்டும். பயிற்சிக்கு வருபவர்களை ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போவது பத்துப் படங்களுக்குச் சமம்.

நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும், கையில் பிடிக்கும் மின்கடத்துதிறன் மீற்றர் இன்று பல அலுவலகங்களில் உண்டு. சரியாகப் பாவிப்பது அரிது. கடத்துதிறன் 1413 மைக்ரோசீமன்ஸ் என்று தெரிந்த கரைசலில் முதலில் திருத்த வேண்டும். மில்லிசீமன்ஸ் என்பதும் டெசிசீமன்ஸ் என்பதும் ஒரே எண்ணைத் தரும், மைக்ரோசீமன்ஸ் அதைவிட ஆயிரம் மடங்கு பெரிய எண். இந்த மூன்றையும் குழப்பினால் நல்ல கிணறு உப்பாகவும் உப்புக் கிணறு நன்னீராகவும் மாறும். கரைந்த திண்மம் என்று மீற்றர் காட்டுவது தனியாக அளந்த ஒன்றல்ல. அதே கடத்துதிறனை 0.5 க்கும் 0.7 க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது, கம்பனிக்குக் கம்பனி அந்த எண் வேறுபடும். ஆகவே பதிவுப் புத்தகத்தில் கடத்துதிறனையே எழுத வேண்டும். பீஎச் மீற்றரின் கண்ணாடி முனையை வடித்த நீரில் ஊறவைப்பது இன்னொரு வழமையான கேடு. பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசலில்தான் வைக்க வேண்டும். வடித்த நீரில் கிடந்த முனை சில மாதங்களில் செத்துவிடும்.

இறைப்புத் தொடங்கும்போது ஒரு வாசிப்பு, ஒரு மணித்தியாலம் ஓடியபின் இன்னொன்று. இரண்டாவது தெளிவாகக் கூடினால் கீழிருந்து உப்பு ஏறுகிறது. பம்பியின் வேகத்தைக் குறைத்து, நாளைக்கு இரண்டு தடவையாகப் பிரித்து இறைக்கச் சொல்வது அப்போது கொடுக்கக்கூடிய நேர்மையான ஆலோசனை. பயிர்த் தெரிவும் எண்ணோடு சேர்ந்தது. மண் நிறை சாற்றின், அதாவது நீரால் முழுதாக நிறைத்த மண்ணிலிருந்து எடுத்த சாற்றின், கடத்துதிறன் 1.2 டெசிசீமன்ஸைத் தாண்டியதும் வெங்காயம் விளைச்சலை இழக்கத் தொடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் ஏறத்தாழ 16 வீதம் போகும். மிளகாய்க்கு 1.5 இலிருந்து 14 வீதப்படி. பீற்றூட் 4 வரை தாங்கும். கரையோரத்துக் கிணற்றுக்காரர் வெங்காயத்தை விடமாட்டேன் என்றால் அது அவருடைய முடிவு, ஆனால் எண் அவர் முன் இருக்க வேண்டும். இன்னொன்று: ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு நீர் கலந்து அளந்த வாசிப்பை இந்த எண்களோடு ஒப்பிடக்கூடாது. ஐதான அந்தக் கரைசல் உண்மையைவிடப் பல மடங்கு குறைவாகக் காட்டும்.

எப்போது, எங்கே, எத்தனை பேர்

அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசெம்பரில் முடிகிறது. பயிற்சிக்கான காசு பிந்தி வந்து, ஆண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டியதாகும்போது, பயிற்சிகள் நவம்பர், டிசெம்பரில் குவிகின்றன. அந்த மாதங்களில் வயல் வெள்ளத்தில், தோட்டம் சேற்றில். உத்தியோகத்தர் மண்டபத்துக்குள் இருந்து திரையில் வெங்காயம் பார்க்கிறார். காசு வரும் காலத்தை மாற்ற முடியாவிட்டால் உள்ளடக்கத்தைக் காலத்துக்கேற்ப மாற்றலாம். அறிக்கை வாசித்தல், அலகுக் கணக்கு, சட்டம், பதிவு முறை ஆகியன மாரிக்குள் நடக்கட்டும். மண் மாதிரி செப்ரெம்பரில், முதல் மழைக்கு முன். வெங்காயம், உருளைக்கிழங்கு நோய்கள் ஜனவரி, பெப்ரவரியில் பயிர் நிற்கும்போது. உப்பும் இறைப்பும் ஜூலை, ஓகஸ்டில்.

தொடர்ந்து நான்கு நாள் வைப்பதைவிட, நான்கு மாதத்தில் நான்கு நாள் வைப்பது நல்லது. இடைப்பட்ட கிழமைகளில் ஒவ்வொருவரும் தன் பிரிவில் ஒன்றைச் செய்து, அடுத்த நாளுக்குக் கொண்டுவர வேண்டும். 1989 இல் இந்தோனேசியாவில் நெற்பயிருக்காகத் தொடங்கிய வயற்பள்ளி முறை இதைத்தான் கமக்காரர்களோடு செய்தது. கிழமைக்கொருமுறை ஒரே வயலுக்குப் போய், கண்டதைப் பெரிய தாளில் வரைந்து, என்ன செய்வது என்று தாங்களே வாதாடினார்கள். உத்தியோகத்தர்களும் அப்படியே படிக்கலாம்.

இருபது, இருபத்தைந்து பேருக்கு மேல் கூடாது. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கருவித்தொகுதி, குழுவுக்குள் குறைந்தது இரண்டு திணைக்களத்தவர். ஐம்பது பேரைக் கூட்டி ஒரு மீற்றரை மேசையில் வைத்தால் முன்வரிசை மட்டுமே தொடும். பயிற்றுநர் செய்து காட்டுவது பத்து நிமிடம், பங்குபற்றுவோர் செய்வது ஐம்பது நிமிடம்.

மருந்து விசிறியை அளவுத்திட்டம் செய்வது இதற்கு நல்ல பாடம். பத்துக்குப் பத்து மீற்றர் இடத்தை அளந்து கயிறு கட்டவேண்டும். 16 லீற்றர் தாங்கியில் வெறும் நீரை நிரப்பி, வழமையான நடையில் அந்த இடத்துக்கு விசிற வேண்டும். செலவான நீரை மறுபடி அளந்து ஊற்றிப் பார்த்தால் 4 லீற்றர் என்று வைப்போம். ஏக்கருக்கு 162 லீற்றர், பத்துத் தாங்கி. சுட்டியில் ஏக்கருக்கு 400 மில்லிலீற்றர் என்றிருந்தால் தாங்கிக்கு 40. அதே சதுரத்தை இன்னொருவர் மெல்ல நடந்து விசிறினால் 6 லீற்றர் போகும். அவருக்குப் பதினைந்து தாங்கி, அவரும் தாங்கிக்கு 40 மில்லிலீற்றர் ஊற்றினால் ஏக்கருக்கு 600 மில்லிலீற்றர். ஒரே மருந்து, ஒரே ‘மூடி அளவு’, ஆனால் மண்ணுக்குப் போவது ஒன்றரை மடங்கு. நொசிலையும் ஒரு நிமிடம் குடுவையில் பிடித்துப் பார்க்க வேண்டும். புதியதைவிட 10 வீதத்துக்கு மேல் கூடுதலாக வந்தால் தேய்ந்துவிட்டது, மாற்றவேண்டும். குழுவில் ஐந்து பேரும் தனித்தனியே நடந்து விசிறினால் ஐந்து எண் வரும். அந்த ஐந்து எண்ணையும் பலகையில் எழுதியபின் யாருக்கும் விரிவுரை தேவைப்படாது.

மண் மாதிரியும் பார்வைக்கு எளிது, செய்கையில் கெட்டுப்போவது. ஒரே மாதிரியான தறையில் வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடத்தில், 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு எடுக்க வேண்டும். மாட்டெருக் கும்பியடி, மரநிழல், வரம்பு, வாய்க்கால் ஓரம் தவிர்க்கவேண்டும். கலந்து, நான்காகப் பிரித்து, எதிர்ப்பக்கம் இரண்டை எறிந்து, அரைக் கிலோ வரும்வரை குறைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். பசளைப் பையில் கட்டிய மண் எந்த ஆய்வுகூடத்திலும் பொட்டாசியம் கூடிய மண்ணாகத்தான் வெளிவரும்.

மொழியும் தூரமும்

புதிய சிபார்சுகளும் பயிற்சிக் கைநூல்களும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முதலில் வருகின்றன. தமிழ் பிந்தி வரும்போது நடைமுறைச் சொற்கள் தொலைந்துவிடுகின்றன. தறை, பாத்தி, குழை தாழ்த்தல், அந்தர் என்று கமக்காரர் சொல்வதற்குக் கைநூலில் வேறெதுவோ இருக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. சுற்றாடல் விஞ்ஞானம் கற்பிக்கும் வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 இலிருந்து தனியாக இயங்குகிறது. வவுனியாவில் தமிழ்மொழி விவசாயக் கல்லூரி உண்டு, திருநெல்வேலியில் மாவட்டப் பயிற்சி நிலையம் உண்டு. ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கைநூலுக்கும் ஒரு கமக்காரரையும் மொழிபெயர்ப்புக் குழுவில் இருத்தினால் போதும், கிணற்றடியில் வாசிக்கக்கூடிய தமிழ் வந்துவிடும்.

தூரம் பெண் உத்தியோகத்தர்களை அதிகம் பாதிக்கிறது. கள வேலையில் இன்று அவர்கள் தொகை கணிசம். 300 கிலோமீற்றருக்கு அப்பால் ஐந்து நாள் தங்கிப் படிக்க, சிறு பிள்ளைகள் உள்ள ஒருவரால் இலகுவில் முடிவதில்லை. பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு முறையும் அதே சில ஆண்களின் பெயர் வருவதற்கு இதுவும் காரணம். பயிற்றுநர் ஒருவர் வடக்கே வந்து போவது, இருபது பேர் தெற்கே போய் வருவதைவிடச் செலவும் குறைவு.

சான்றிதழுக்குப் பிறகு

பதவி உயர்வுக்கான தடைதாண்டல் பரீட்சைகளில் அரச சேவை விதிநூலான தாபனக் கோவையும் நிதி ஒழுங்குவிதியும் கேட்கப்படுகின்றன. மீற்றரைத் திருத்தத் தெரியுமா என்று அங்கே யாரும் சோதிப்பதில்லை. அதனால் கெட்டிக்கார இளைஞர் தன் மாலை நேரத்தை எதற்குச் செலவிடுவார் என்பது தெரிந்ததே. தேசிய தொழிற்தகைமை முறையில் 5, 6 ஆம் மட்டங்கள் டிப்ளோமாவாக இருப்பதுபோல, சேவையில் உள்ளவர்களுக்கும் செய்முறைத் திறனை நேரில் பார்த்து மதிப்பிட்டு, அதைச் சேவைக் கோவையில் பதிந்தால் நிலைமை மாறும்.

பயிற்சி முடிந்த மாலையில் நிரப்பும் கருத்துத் தாளில் சாப்பாடு, மண்டபம், விரிவுரையாளர் எல்லாம் ‘மிக நன்று’ என்றுதான் இருக்கும். 1959 இல் டொனால்ட் கிர்க்பற்றிக் பயிற்சி மதிப்பீட்டை நான்கு படிகளாகப் பிரித்தார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, அதனால் ஏதும் மாறியதா. இங்கே முதல் இரண்டோடு கோவை மூடப்படுகிறது. மூன்றாவதைப் பார்க்கப் பெரிய ஆய்வு வேண்டாம். பயிற்சி நாளிலேயே ஒவ்வொருவரும் தன் பிரிவில் ஐந்து கிணறுகளைப் பெயர் குறித்து எடுக்கட்டும். திகதி, கடத்துதிறன், இறைப்புக்கு முன்னும் பின்னும் வாசிப்பு, நைத்திரேற்று, அந்தத் தறைக்குப் போட்ட யூரியா, கொடுத்த ஆலோசனை என ஒரு கொப்பி. கமக்காரர் அந்த ஆலோசனையைக் கேட்டாரா, கேட்காவிட்டால் ஏன் என்பதற்கும் ஒரு நிரல் வேண்டும், ஏனென்றால் அடுத்த பயிற்சியின் பாடம் அந்த நிரலிலிருந்துதான் வரும். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் பயிற்றுநர் அலுவலகத்துக்கே போய்க் கொப்பியைப் பார்க்க வேண்டும். அதோடு அலுமாரியிலிருக்கும் மீற்றரை எடுத்து 1413 கரைசலில் அமிழ்த்தச் சொல்ல வேண்டும், கரைசல் போத்தலின் காலாவதித் திகதியையும் பார்த்துக்கொண்டு. எண் பிசகிக் காட்டினால், கொப்பியில் எந்தத் திகதிக்குப் பிந்திய வாசிப்புகளை நம்பக்கூடாது என்பதை அந்த உத்தியோகத்தரே கண்டுபிடித்து, அந்தக் கிணறுகளுக்கு மறுபடி போக வேண்டும்.